ஆறு மாதம் மூத்த குழந்தை

தையல்காரியின் மகளுக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று நவம்பர் ஏழு. அது அவள் வயிற்றிலிருந்து வந்த தேதி. இன்னொன்று மே ஏழு. அது சிறைப் பதிவேட்டிலிருந்து வந்தது. எது செல்லும் என்று கேட்டால் பெற்றவள் நவம்பர் என்பாள், அரசாங்கம் மே என்னும். இந்த இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த மே மாதம் எப்படி முளைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளைப் பொய்க்காரி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பொய் சொன்னாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், அதற்குப் பக்கத்திலேயே துணி தேய்க்கிற மேஜை. கணவன் லாரி ஓட்டுபவன். வண்டியில் இல்லாத நாட்களில் குடிப்பான், குடித்த நாட்களில் அடிப்பான். அது பழகிப்போன விஷயம் என்று அவளே சொல்வாள். பழகாத விஷயம் ஒரு ஜூலை மாதப் பிற்பகலில் நடந்தது. எட்டு மாதக் குழந்தை பல் முளைக்கிற வலியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தூக்கம் கெட்டு எழுந்து வந்தவன் குழந்தையை ஒரு காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான்.

“இத நீ நிறுத்துறியா, இல்ல நான் நிறுத்தட்டுமா?” என்றபடி திறந்திருந்த ஜன்னல் பக்கம் நடந்தான்.

அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஒரே அடி. அவன் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் விழுந்தான். குழந்தை தைக்காமல் கிடந்த துணிக் குவியலில் விழுந்து, அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் அவள்தான். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிவிட்டது. குடும்பத் தகராறில் கணவனைக் கொல்ல முயன்றாள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ஜன்னலைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜன்னல்தான் அங்கேயே இருக்கிறதே, அதில் எழுத என்ன இருக்கிறது!

போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், மறுபடி போலீஸ் ஸ்டேஷன் என்று நாலு நாள் அலைந்து பெண்கள் சிறைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பயத்தில் வற்றியதோ, பட்டினியில் வற்றியதோ. குழந்தை மார்பைச் சப்பிப் பார்க்கும், ஒன்றும் வராது, அழும், மறுபடி சப்பும். சேர்க்கை அறையில் வரிசையில் நின்றபோதும் அதே கதைதான்.

அந்த அறையில் பதிவேடு எழுதியவளும் ஒரு கைதிதான். படித்த கைதிகளை அலுவலக எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அவளை எல்லோரும் வக்கீலம்மா என்று கூப்பிட்டார்கள். சட்டப் படிப்பெல்லாம் கிடையாது. கல்லூரிச் சான்றிதழ்களை அச்சு அசலாகப் போலியாகத் தயாரித்த குற்றத்துக்கு ஏழு வருஷம் வாங்கியவள். அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போலிச் சான்றிதழ்க்காரி கையில் சிறைப் பதிவேட்டைக் கொடுத்து எழுதச் சொன்ன புத்திசாலி யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

“குழந்தை பொறந்த தேதி?” என்று வக்கீலம்மா நிமிராமலே கேட்டாள்.

“நவம்பர் ஏழு.”

வக்கீலம்மா விரலில் எண்ணிப் பார்த்தாள். பேனாவை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். வார்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

“எட்டு மாசம்தானா? கெட்டுது போ. ஒரு வயசு ஆகலன்னா பால்குடின்னு போட்ருவாங்க. பால்குடிக்குத் தனியா ஒண்ணும் தர மாட்டாங்க. உங்கிட்ட பால் இருக்கா?”

இல்லை என்று தையல்காரி தலையை ஆட்டினாள்.

“அப்போ மேன்னு எழுதிடறேன். ஒரு வயசு தாண்டினதா ஆயிடும். தினம் அரை லிட்டர் பால், ஒரு முட்டை, ஒரு பழம். என்ன சொல்றே?”

“அப்புறம் ஏதாவது தொந்தரவு வருமா?”

“என்ன தொந்தரவு? ஒரு வாரத்துல உனக்கு ஜாமீன் கெடைச்சிடும். பாப்பாவத் தூக்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பே. அதுவரைக்கும் அது சாப்பிட வேணாமா?”

நவம்பர் மேயாயிற்று. அரை நிமிஷ வேலை. அன்று மாலையே ஒரு தம்ளர் பால் வந்தது. குழந்தை குடித்துவிட்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு அசந்து தூங்கியது. தையல்காரி வக்கீலம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தச் சிறையில் ஒரு விதி இருந்தது. குழந்தை மூன்று வயது வரைதான் தாயோடு இருக்கலாம். மூன்று முடிந்த அன்று வெளியே அனுப்பிவிட வேண்டும். வக்கீலம்மாவுக்கு அந்த விதி தெரியாததல்ல. ஆனால் ஒரு வாரத்தில் போகப்போகிறவளுக்கு எதற்கு மூன்று வயசுக் கணக்கு? உள்ளே வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வாரம்தான். பழைய கைதிகளும் புதிதாக வந்தவளிடம் ஒரு வாரம் என்றுதான் சொல்வார்கள். அந்த நல்ல மனசு எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறதோ.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவன் ஒருவன். ஒரே ஒரு தடவை வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “எதுக்குக்கா இப்படிப் பண்ணே? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, நாளைக்கு யாராவது கட்டிக்க வருவாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. ஒரு வாரம் ஏழு மாதமாயிற்று.

பிப்ரவரியில் தண்டனை சொன்னார்கள். ஏழு மாதமாக அவள் மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்தாள். ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான் ஐயா, ஜன்னல் திறந்திருந்தது ஐயா, மூன்றாம் மாடி ஐயா. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் போதும் என்று நம்பியிருந்தாள். அரசாங்கம் கொடுத்த வக்கீல் கோர்ட் வாசலில் வைத்து, “அதெல்லாம் விசாரணையில பேச வேண்டியதும்மா. அது முடிஞ்சு போச்சு. இன்னிக்கு, சின்னக் குழந்தை இருக்கு, கருணை காட்டுங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். விசாரணை நாளில் அவளைப் பேசவிடாமல் தடுத்ததும் இதே மனிதர்தான்.

“குழந்தையோட வயசை ஜெயில்ல தப்பா எழுதியிருக்கு சார்” என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

அவர் பதறிப்போனார். “இந்த நேரத்துல அதைக் கிளப்பாதீங்க! ஜெயில் ரிப்போர்ட் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொன்னா, நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. வாயைத் திறக்காம இருங்க.”

ஒரு பட்டன் தைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நீதிபதி கேட்டார். சின்னக் குழந்தை இருக்கு, கருணை காட்டுங்க என்றாள். நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். “குழந்தைக்கு ஒரு வயசு மூணு மாசமா... இல்ல, ஒன்பது மாசம். மூணு வயசு வரைக்கும் தாயோட இருக்கலாம்னு விதி இருக்கு. அதனால குழந்தை பாதிக்கப்படாது” என்றார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் வாயிலிருந்து உண்மையான வயது தவறி விழுந்து, உடனே திருத்திக்கொள்ளப்பட்டது. பிறகு இரண்டரை வருஷம் என்றார். இருந்த ஏழு மாதம் அதில் கழியும் என்றார். அடுத்த வழக்குக் கட்டைப் பிரிக்கச் சொன்னார். தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, ஆள் கூப்பிடுகிற சத்தத்தில் விழித்துச் சிரித்தது.

திரும்பி வந்ததும் வக்கீலம்மா வழக்கம்போலக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள். யாருக்குத் தண்டனை விழுந்தாலும் விடுதலைத் தேதியைக் கணக்குப் போட்டுச் சொல்வது அவள்தான். போட்டாள். இன்னொரு முறை போட்டாள். அப்புறம் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். தையல்காரி எட்டி அவள் முந்தானையைப் பிடித்தாள்.

“என்னக்கா, சொல்லு.”

“நீ வெளிய போறது ஜனவரி. அடுத்த வருஷம் இல்ல, அதுக்கும் அடுத்த வருஷம்.”

“பாப்பா?”

“பதிவேட்டுப்படி அதுக்கு எட்டு மாசம் முன்னாடி, மே மாசம் மூணு வயசு முடியுது.”

வக்கீலம்மா, “என் கையில கொள்ளி வைக்க” என்று சொல்லித் தன் வலது கையைத் தானே அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தையல்காரி உழைத்த உழைப்பை மெஷினே தாங்கியிருக்காது. ஒழுங்காக வேலை செய்தால் மாதத்துக்கு இத்தனை நாள் என்று தண்டனையில் கழிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தால் கூடுதலாக ஒரு நாள் கழியும். அவள் சிறைச் சீருடை தைத்தாள், ஆஸ்பத்திரிப் போர்வை தைத்தாள், கோர்ட் ஊழியர்களுக்குக் கால்சட்டை தைத்தாள். காய்ச்சலோடு தைத்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. ஒருத்தி அவள் சோப்பைத் திருடினாள், அதற்கும் வாயைத் திறக்கவில்லை. சண்டை என்று பெயர் பதிந்தால் கழிந்த நாளெல்லாம் போய்விடும். இப்படி எட்டு மாத இடைவெளியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மாதமாகக் குறைத்தாள். விடுதலை ஜனவரியிலிருந்து செப்டம்பருக்கு வந்தது. உண்மையான தேதிப்படி பார்த்தால் அதுவே தாராளம். நவம்பரில்தானே குழந்தைக்கு மூன்று! கையைப் பிடித்து நடத்திக்கொண்டே வெளியே போயிருக்கலாம், இரண்டு மாதம் மிச்சமும் இருந்திருக்கும். ஆனால் பதிவேட்டில் மே. மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவில் அந்த நாலு மாதம் அசையாமல் கிடந்தது.

குழந்தை மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் வளர்ந்தது. பாலும் முட்டையும் பழமும் ஒரு நாளும் தவறவில்லை. போதாததற்கு, பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு வந்த பெண்கள் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். குண்டு என்று பேர் வைத்தார்கள். தூக்குகிறவள் இடுப்பு ஒடியும். “உன் வயசு என்னடி குண்டு?” என்று வார்டர் வந்து போகும்போதெல்லாம் கேட்பாள். பதிவேட்டுக்குப் பொருந்துகிற பதிலைத் தையல்காரி சொல்லிக் கொடுத்து வைத்திருந்தாள். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு, மே நெருங்கியதும் மூன்று. எங்காவது உளறிப் பால் நின்றுவிடக் கூடாதே என்ற பயம்.

ஏப்ரலில் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மே ஏழாம் தேதி குழந்தையை ஒப்படைக்க வேண்டும். உறவினர் யாரும் வராவிட்டால் அரசுக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்படும்.

வக்கீலம்மா மனு எழுதினாள். தன் கைப்பட எழுதிய பொய்யைத் தன் கைப்படவே மறுத்து எழுதுவது சாதாரண விஷயமில்லை. தெரிந்தே எழுதினேன் என்றால் எழுத்து வேலையும் போகும், கழிந்த நாளும் போகும். “கவனக் குறைவால் நேர்ந்த பிழை” என்று எழுதிவிட்டுத் தையல்காரி முகத்தைப் பார்க்காமல் மனுவை நீட்டினாள். தையல்காரியும் உண்மையை எழுது என்று கேட்கவில்லை. அவளுக்கும் கழிந்த நாள் இருந்தது. பொய் சொல்லிப் பால் வாங்கினாள் என்று ஆனால் செப்டம்பர் மறுபடி ஜனவரியாகிவிடும்.

கண்காணிப்பாளர் கெட்டவரில்லை. அதுவும் ஒரு கஷ்டம். கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம்.

“எனக்கு மட்டும் குழந்தையைப் பிரிக்கணும்னு ஆசையாம்மா? பிறப்புச் சான்றிதழ் காட்டு, இன்னிக்கே திருத்தறேன்” என்றார்.

“அது மாமியார் வீட்டு பீரோல இருக்கு மேடம்.”

“எழுதிக் கேளு.”

எழுதினாள். ஒரு முறையல்ல, மூன்று முறை. பீரோ எந்தச் சுவர் பக்கம், எந்தத் தட்டு, எந்த நிறப் பை என்றுகூட எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. அதைப் படித்து வக்கீலம்மா சிரித்தாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி வழியாக டாக்டர். எலும்பையும் பல்லையும் பார்த்து வயது எழுதிக் கொடுத்தால் போதும் என்று கண்காணிப்பாளர் இறங்கி வந்தார். டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். வியாழனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

“ஆறு நாளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திப் பாரு. கொஞ்சம் வத்தினா சின்னதாத் தெரியும்” என்றாள் வக்கீலம்மா.

ஒரு நாள் நிறுத்தினாள். மத்தியானம் குழந்தை காலித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா, பால் தீந்துபோச்சா?” என்று கேட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்கு ஓடிப் போய்க் கெஞ்சி, இரண்டு தம்ளராக வாங்கி வந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் குழந்தையைத் தராசில் நிறுத்தினார். உயரம் அளந்தார். ஆ காட்டச் சொல்லிப் பல்லை எண்ணினார்.

“இருபது பல்லும் வந்தாச்சு. எடை பதினாலரைக் கிலோ. உயரமும் நல்லாவே இருக்கு. ஜெயில்ல இப்படி ஒரு குழந்தைய நான் பார்த்ததே இல்லம்மா. நல்லா வளர்த்திருக்கீங்க.”

“ரெண்டரை வயசுதான் சார் ஆகுது. சத்தியமா ரெண்டரை.”

“அப்படித் தெரியலையேம்மா.” அவர் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். “குட்டி, உனக்கு என்ன வயசு?”

தையல்காரி குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குண்டு மூன்று விரலை உயர்த்தி, “மூணு!” என்றது. சரியாகச் சொன்னதற்கு அம்மா எப்போதும் கொடுக்கிற முத்தத்துக்காகக் கன்னத்தைக் காட்டி நின்றது.

முத்தம் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? அடிக்கவா முடியும்?

டாக்டர் வருத்தப்பட்டார். மூன்றுக்கு மேல் என்று எழுதாமல் மூன்று என்று மட்டும் எழுதியதே தான் செய்கிற உதவி என்றார்.

இல்லமா, மாமியார் வீடா என்பதுதான் பாக்கி. இல்லத்துக்குப் போன குழந்தையைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு என்று உள்ளே எல்லோரும் சொன்னார்கள். இஸ்திரிப் பெட்டியால் அடித்தவளிடம் எந்த இல்லத்துக் கமிட்டி குழந்தையைக் கொடுக்கும்? அவளிடம் நீ என்ன வேலை செய்கிறாய், எந்த வீட்டில் இருக்கிறாய், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். சிறையிலிருந்து அன்றுதான் வந்தவளுக்கு வீடேது? மாமியார் வீடென்றால் கேட்டு வாங்கவாவது ஒரு வாசல் இருக்கும். அவள் கணவனின் தங்கைக்கு எழுதிப் போட்டாள். சான்றிதழ் கேட்ட மூன்று கடிதத்துக்கும் வராத பதில், குழந்தையைக் கூட்டிப் போ என்றதும் நாலாம் நாளே வந்துவிட்டது.

மே ஏழு, காலை பத்து மணி. வாசலை ஒட்டிய அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் மூன்று வருஷத்துக்கு முந்தைய காலண்டர். கண்காணிப்பாளர் மீட்டிங் போயிருந்தார். மேஜையில் ரைட்டர், சிறை அலுவலக எழுத்தர், உட்கார்ந்திருந்தார். நாத்தனார் கையில் புதுக் கவுனோடு வந்திருந்தாள். இருபத்தெட்டு வயசிருக்கும். கல்யாணம் தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. படுக்கையில் கிடக்கிற அண்ணனுக்கு ஸ்பூனால் ஊட்டுவதிலிருந்து எல்லாம் அவள்தான். முன்பு கலகலவென்று பேசுகிற பெண். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளும் அவள்தான்.

குழந்தைக்குப் புதுக் கவுனைப் போட்டுப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மூன்று வயசுக் குழந்தைக்கான கவுன்.

ரைட்டர் தாளைத் தள்ளினார். அதில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். “பெண் குழந்தை ஒண்ணு. பிறந்த தேதி மே ஏழு. வயசு மூணு. விவரமெல்லாம் சரின்னு தாய் கையெழுத்துப் போடணும்.”

“தேதி சரியில்ல சார்” என்றாள் தையல்காரி.

ரைட்டருக்கு இந்த மனுவின் கதை முழுக்கத் தெரியும். பேனாவை மூடி வைத்தார். “பாருங்கம்மா, நீங்க சொன்னா செல்லாது, தேதி தப்புன்னு வெளிய இருக்கிற குடும்பத்துல யாராவது ஒருத்தர் இந்தத் தாள்ல ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் போதும். ஒப்படைக்கிறத நான் நிறுத்தி வெச்சுடுவேன். மேலிடத்துக்குப் போய்ட்டு வர எப்படியும் நாலஞ்சு மாசம் ஆகும்.”

நாலஞ்சு மாசம்! அவளுக்கு வேண்டியது நாலே மாசம். அத்தனை மாதமாக இதை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“நீதானேம்மா ஆஸ்பத்திரியில கூட இருந்தே? எந்த மாசம்னு உனக்குத் தெரியும்ல? ஒரு வரி எழுதிக் குடும்மா.”

நாத்தனார் குழந்தையின் கவுன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“எழுதிக் குடுங்க” என்றாள் தையல்காரி. தன்னைவிடச் சின்னவளை, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவளை, முதல் முறையாக நீங்க என்றாள். “உங்க கால்ல வேணா விழறேன். செப்டம்பர்ல நான் வெளிய வந்ததும் நானே உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வரேன். அவர் பார்க்கட்டும். நீங்க எல்லாரும் பாருங்க. எத்தன நாள் வேணா வெச்சுக்குங்க. இப்ப மட்டும் பிரிக்காதீங்க.”

“எங்கண்ணன் எழுந்து நடமாடி ரெண்டு வருஷமாச்சு அண்ணி.” நாத்தனாரின் குரல் உயரவில்லை. “வாயத் துடைக்கக்கூட ஆள் வேணும். அதுக்கு யார்கிட்டப் போய் நாங்க எழுதி வாங்குறது?”

“அன்னிக்கு அவர் பாப்பாவ...”

“தெரியும். நீங்க கோர்ட்ல சொல்லல. இப்ப எங்கிட்டச் சொல்லாதீங்க.”

ரைட்டர் தொண்டையைக் கனைத்தார். “எழுதறீங்களா, இல்லையாம்மா? தேதி ஞாபகம் இருக்கா?”

நாத்தனார் குழந்தையைப் பார்த்தாள். குழந்தை புதுக் கவுனில் இருந்த பூவை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் பார்த்தாள். எழுதிவிடுவாள் என்றுகூடத் தையல்காரிக்கு ஒரு கணம் தோன்றியது.

“எனக்குத் தேதியெல்லாம் ஞாபகம் இல்ல சார்” என்றாள்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கையெழுத்துப் போடாவிட்டால் உறவுக்காரர் கையில் கொடுக்க முடியாது, பன்னிரண்டு மணிக்கு இல்லத்து வண்டி வந்துவிடும் என்றார் ரைட்டர். அவர் மிரட்டவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார். தையல்காரி பேனாவை வாங்கினாள். விவரங்கள் யாவும் சரி என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். நாத்தனாரும் போட்டாள்.

“செப்டம்பர்ல வரேன். வந்ததும் நேரா வீட்டுக்குத்தான் வருவேன்” என்றாள் தையல்காரி.

“வாங்க. பேசிக்கலாம்” என்றாள் நாத்தனார்.

அந்த வீட்டில் நாலு வருஷம் மருமகளாக இருந்தவளுக்குப் பேசிக்கலாம் என்றால் என்ன என்று தெரியும். குழந்தையை வாரி அணைக்கப் போனாள். குழந்தை அவளை விலக்கியது. பெரிய கேட்டில் இருந்த சின்னக் கதவு திறந்திருந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் போனது. நினைவு தெரிந்த பிறகு அது பார்த்த முதல் பஸ். “அம்மா, பெருசு! அம்மா, பெருசு!” என்று குதித்தது. அத்தை இடுப்பில் தொற்றிக்கொண்டது. அம்மாவும் பின்னாலேயே வருகிறாள் என்றுதான் நினைத்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டர் சின்னக் கதவைச் சாத்தினாள். அது சாத்தினாலும் சத்தம் கேட்கிற கதவு. அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் நாத்தனார் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுடைய பழைய கலகலப்பு அந்தக் குரலில் இருந்தது.

“நீ பொறந்த அன்னிக்கு என்ன மழை தெரியுமாடி செல்லம்? நவம்பர் மழைன்னா சும்மாவா! ஆஸ்பத்திரி வாசல்ல முழங்கால் வரைக்கும் தண்ணி. நர்ஸம்மா உன்ன முதல்ல அத்தை கையிலதான் குடுத்தாங்க. உங்கம்மாகூட அப்புறம்தான் பார்த்தா!”

“சார்” என்றாள் தையல்காரி. ரைட்டரைப் பார்த்து மறுபடி, “சார், கேட்டீங்களா சார்?” என்றாள்.

ரைட்டர் கேட்டிருந்தார். அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு கையெழுத்தும் விழுந்த தாளை ஒரு முறை பார்த்தார். பிறகு அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

“போம்மா. வேலைக்கு நேரமாச்சு” என்றார்.